விசாவைப் பற்றிச் சில வினாக்கள்

வினா: பெர்லினில் பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் மகளிடம் செல்லும் தாயார், வழியில் பாரிஸில் 2 நாள் தங்கலாமா? எந்தத் தேசத்தாரிடம் விசாக் கோருவது?

விடை: தாராளமாய்த் தங்கலாம். ஷெங்கன் உடன்பாட்டைச் சேர்ந்த 29 தேசங்களுக்கும் ஒரே விசா போதும். அதிக நாள் தங்கும் தேசத்தாரிடமே விண்ணப்பித்தல் வேண்டும். இவ்விஷயத்தில் அது ஜெர்மனி.

வினா: எப்போது விண்ணப்பிப்பது? எத்தனை நாள் தங்கலாம்?

விடை: பிரயாணத்துக்கு 6 மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குள் என்று ஒத்திப் போடலாகாது. முடிவு 15 நாளில் வருவது வழக்கம். சமயத்தில் 45 நாள் வரை நீளும். குழந்தையோ யாருக்காகவும் காத்திராது! எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாளே தங்கலாம். வைத்தியச் செலவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத இன்ஷியூரன்ஸும் அவசியம்.

வினா: சுற்றுலா என்று எழுதினால் சுலபமாகக் கிடைக்கும் என்கிறாரே தரகர்?

விடை: அவர் பேச்சைத் தள்ளுங்கள். தாயார் ஊர் திரும்புவாரா என்னும் ஐயத்தாலேயே பல விண்ணப்பங்கள் மறுக்கப்படுகின்றன. பொய் வெளிப்பட்டால் அந்த ஐயம் உறுதியாகும். மகளின் அழைப்புக் கடிதம், பென்ஷன் தஸ்தாவேஜு, வீட்டுப் பத்திரம் இவற்றை இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள், மேல்முறையீட்டுக்கும் உரிமையுண்டு. பேரக் குழந்தையைக் காணப் போவது மறைக்க வேண்டிய காரியமன்று. நாம் யாசகத்துக்குப் போகவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதித் தலைநிமிர்ந்து கேட்போம்.