எண் எங்களுடையது: பெருங்கடவிளைப் பிரகடனம்

பெருங்கடவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார எல்லை ஊர்களில் வாழும் நாங்கள், எங்கள் தொலைபேசி எண் எங்களுக்கே உரியது என்று இன்று அறிவிக்கிறோம். கேட்டவருக்கெல்லாம் அதைச் சொல்லிவிடும் பழக்கத்தை இன்றோடு விடுகிறோம்.

நெய்யாற்றின்கரை ஜவுளிக்கடையில் "சேச்சி, நம்பர்?" என்பார்கள். மார்த்தாண்டம் போனால் "அக்கா, நம்பர் சொல்லுங்க." வாங்கியது ஒரு நைட்டி, கையில் ரொக்கம் இருக்கிறது. ஆனாலும் பில் போடும் பையனின் விரல் நகராது. வரிசையில் நிற்பவர்கள் காதுபடப் பத்து இலக்கத்தையும் சொன்ன பிறகே பில் வரும். இரவில் யாரென்றே தெரியாத ஒருவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் 'ஹாய்' வருகிறது. வீட்டில் பழி எண் கொடுத்த பெண் மேல் விழுகிறது: "நீ ஏன் கொடுத்தே?" ஏன் கேட்டார்கள் என்று எவரும் கேட்பதில்லை. நாங்கள் கேட்கப் போகிறோம்.

வங்கி, ஆதார், கேஸ் புக்கிங், யுபிஐ எல்லாம் அந்த ஒரே எண்ணில்தான் தொங்குகின்றன. 2023 ஜூனில் டெலிகிராமில் ஒருவரின் எண்ணைத் தட்டினாலே, கோவிட் தடுப்பூசிக்காக அவர் கொடுத்த அடையாள அட்டை எண் வரை வந்து விழுந்தது. 2020 ஏப்ரலில், கோவிட் நோயாளிகளின் விவரங்கள் ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் போவதை எதிர்த்து வழக்கு வந்தபோது, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிய பிறகே கொடுக்க வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24.

எங்கள் மண்ணுக்கு இந்த உரிமை புதிதல்ல. தென் திருவிதாங்கூரில் எங்கள் பாட்டிமார் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859 ஜூலையில்தான் அரச விளம்பரம் இறங்கி வந்தது, அதுவும் அரைகுறையாக. அவர்கள் பட்ட பாட்டோடு எங்கள் குறையைச் சமமாக வைக்கவில்லை. ஆனால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை உரியவரே தீர்மானிக்க வேண்டும் என்பதை அவர்களிடமிருந்தே கற்றோம்.

எங்கள் வழி இரண்டாம் எண். வங்கிக்கும் ஆதாருக்கும் உறவினருக்கும் ஓர் எண்; கடை, கண்காட்சிக் கூப்பன், வேலைவாய்ப்புத் தளம், பழைய பொருள் விற்கும் விளம்பரம் ஆகியவற்றுக்கு இன்னொன்று. தொல்லை மிஞ்சினால் இந்த இரண்டாவதைத் தூக்கி எறியலாம். எறியும் முன் அதோடு இணைத்த கணக்குகளையெல்லாம் கழற்றிவிட வேண்டும். கைவிட்ட எண்ணை நிறுவனம் பின்னர் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

சட்டத்துக்குள் நின்றே இதைச் செய்வோம். இங்கே ஒருவர் தம் பெயரில் ஒன்பது இணைப்பு வரை வைத்திருக்கலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தால் உங்கள் பெயரில் எத்தனை ஓடுகின்றன என்று தெரியும். உங்களுக்கே தெரியாத எண் அங்கே இருந்தால் உடனே புகார் கொடுங்கள். பிறர் பெயரில் சிம் வாங்குவதை ஒருபோதும் ஏற்க மாட்டோம். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி, மோசடியாகச் சிம் பெறுவது சிறைக்குரிய குற்றம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொது எண்களும் வேண்டாம். அவற்றுக்கு வரும் ஓடிபி ஊருக்கே தெரியும்.

இரண்டு ரீசார்ஜ் என்பது ரப்பர் வெட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்குச் சுமை. அதனால் ஆளுக்கு ஒன்று என்று கேட்கவில்லை. வீட்டுக்கு ஓர் இரண்டாம் எண் போதும்; பழைய பட்டன் போனில் கிடக்கட்டும். காசே செலவில்லாத வழி, எண்ணைத் தராமலிருப்பதுதான். பில் போட வாடிக்கையாளரின் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. இதைச் சொல்லிப் பாருங்கள், தயங்காமல்.

கடைக்காரர்கள் எங்கள் அயல்வாசிகள். அவர்களோடு பகை இல்லை. பெருங்கடவிளைச் சந்திப்பிலிருந்து களியக்காவிளை வரை ஒவ்வொரு கடையிலும் ஏறி, 'எண் தராமலும் பில் பெறலாம்' என்று மலையாளத்திலும் தமிழிலும் பலகை வைக்கக் கேட்போம். பயனாளிகள் பட்டியலை எண்ணோடு சுவரில் ஒட்ட வேண்டாம் என்று பஞ்சாயத்துகளுக்கும், விண்ணப்ப நகல்களை மேசையில் திறந்து போட வேண்டாம் என்று அக்ஷயா இ-சேவை மையங்களுக்கும் மனுக் கொடுப்போம். எங்களோடு கடை கடையாக நடக்க வருபவர்கள் பெயர் மட்டும் சொன்னால் போதும்.