தேவதைகள் வேண்டாம், தாதிகள் வேண்டும்

மன்னாரில் ஒரு தாய் இறந்தால் எங்கள் முகநூலில் ‘அரக்கிகள்’ என்ற சொல் ஓடும். தாதியர் தினம் வந்தால் அதே பக்கங்களில் ‘வெள்ளுடைத் தேவதைகள்’ என்று பூப்படம் போடுவார்கள். இரண்டும் ஒரே பிழையான எண்ணத்திலிருந்து வருகிற சொற்கள் எண்டு நாங்கள் சொல்லுறம். பராமரிப்பு என்பது ஒரு ஆளின் குணம், நல்ல மனம் இருந்தால் பார்ப்பா, இல்லாட்டிப் பார்க்க மாட்டா என்பதுதான் அந்த எண்ணம். இது நோயாளியையும் கொல்லுது, தாதியையும் கொல்லுது.

நடந்ததை முதலில் நினைவுபடுத்துவோம். 2024 யூலை இறுதியில், குழந்தை பெற்றுச் சில வாரங்களேயான ஒரு இளம் தாய் இரத்தப்போக்கோடு மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போனார். அங்கேயே இறந்தார். கவனிப்பாரில்லாமல் விடப்பட்டார் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. விசாரணை நடந்தது, பணியாளர்கள் சிலர் இடைநிறுத்தப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிரசவத்துக்குப் போன இன்னொரு தாயும் சிசுவும் இறந்தபோது சனம் வைத்தியசாலை வாசலில் கூடியது. யார் குற்றவாளி என்று தீர்ப்பெழுதுவது எங்கள் வேலை இல்லை. ஆனால் ‘விதி’ என்று சொல்லிவிட்டுப் போகவும் நாங்கள் தயாரில்லை. இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய் மரணம் 30 என்ற அளவுக்கு இறங்கிவிட்ட நாடு இது. அதை இறக்கியதில் கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போன மருத்துவமாதுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

‘பராமரிப்பு’ பற்றித் தாதியியல் என்ன சொல்லுது? யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் தாதியியல் பட்டம் படிக்கிற எங்கள் நண்பர்கள் இந்தக் கோட்பாடுகளைப் பரீட்சைக்குப் பாடமாக்குகிறார்கள். அமெரிக்கத் தாதியான ஜீன் வாட்சன் 1979 இல் எழுதிய நூலில், பராமரிப்பு என்பது தாதித் தொழிலின் மையம், அதற்குத் தத்துவமும் விஞ்ஞானமும் உண்டு என்று வாதிட்டார். கிறிஸ்டன் சுவான்சன் இன்னும் தரைக்கு இறங்கி வந்தார். கருச்சிதைவுக்கு உள்ளான பெண்களிடம் நேரடியாகக் கேட்டும், வேறு வாட்டுகளில் ஆராய்ந்தும், 1991 இல் பராமரிப்பை ஐந்து செயல்களாகப் பிரித்துச் சொன்னார்: அறிந்துகொள்ளுதல், உடனிருத்தல், செய்துகொடுத்தல், இயலச்செய்தல், நம்பிக்கையைக் காத்தல்.

இந்த ஐந்தில் ‘புன்னகை’ இல்லை என்பதைக் கவனியுங்கோ. ஐந்தும் வினைச்சொற்கள். இரத்தப்போக்கோடு வந்த ஒரு தாயின் கட்டிலருகே இவற்றை வைத்துப் பார்ப்போம். பிரசவம் முடிந்து 24 மணித்தியாலம் கடந்த பிறகும், வாரக்கணக்கான நாட்களுக்கு, ஆபத்தான இரத்தப்போக்கு வரலாம். இளம் உடம்பு கனநேரம் தாக்குப் பிடிக்கும். கணிசமான இரத்தம் போன பிறகுதான் பிறஷர் விழும். அதுக்கு முன்னமே நாடி வேகமாகும், தோல் குளிரும், அந்தப் பெண் அந்தரப்படுவா. ஆகவே பக்கத்தில் நின்று கையைப் பிடித்து நாடி பார்க்கிறதுதான் அந்த இடத்தில் பரிவு, அதுவேதான் சிகிச்சை. எத்தனை துணி நனைந்தது என்று கேட்பது அறிந்துகொள்ளுதல். திரும்பத் திரும்ப வந்து பார்ப்பது உடனிருத்தல். வைத்தியரைக் கூப்பிட்டு, வராவிட்டால் இன்னொரு தரம் கூப்பிடுவது செய்துகொடுத்தல். ‘எது நடந்தால் உடனே சொல்லவேணும்’ என்று தாய்க்கும் கூட வந்தவருக்கும் விளங்கப்படுத்துவது இயலச்செய்தல். பயந்துபோய்க் கிடக்கிறவளிடம் ‘நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறம்’ என்று சொல்லி, அதை உண்மையாக்குவது நம்பிக்கையைக் காத்தல்.

மன்னாருக்கு இன்னொரு பாடமும் தேவை. தாதியாகவும் மானிடவியலாளராகவும் இருந்த மடலின் லைனிங்கர், நோயாளியின் பண்பாட்டை அறியாமல் பராமரிக்க முடியாது என்றார். சில பழக்கங்களைக் காக்க வேண்டும், சிலவற்றோடு ஒத்துப்போக வேண்டும், சிலவற்றை அவர்களோடு சேர்ந்து மாற்ற வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. பேசாலையிலிருந்து வருகிற கத்தோலிக்க மீனவக் குடும்பமும், 1990 இல் விரட்டப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு முசலிக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பமும், மடுப்பக்கத்து விவசாயக் குடும்பமும் ஒரே வைத்தியசாலைக்குத்தான் வருகின்றன. பிள்ளை பெற்றவள் பத்தியக்கறியும் சரக்குத்தண்ணியும் குடிக்கட்டும், அது காக்க வேண்டியது. ‘பெத்தவளுக்கு இரத்தம் போறது வழமைதானே’ என்று வீட்டிலேயே காத்திருப்பது மாற்ற வேண்டியது. அதை மாற்ற அதட்டல் உதவாது. அவளுடைய பாஷையில், அவளுக்கு விளங்கும்படி பேச வேண்டும். தமிழ் தெரியாத வைத்தியருக்கும் சிங்களம் தெரியாத தாய்க்கும் நடுவில் வார்த்தை தொலைந்தால் அதுவும் பராமரிப்புத் தவறுதான்.

இனி எதிர்வாதம். ‘ஆளில்லை, நாங்கள் என்ன செய்யிறது?’ என்று தாதியர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இலண்டன் வைத்தியசாலை ஒன்றை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ், தாதியர் நோயாளியைப் பெயர் சொல்லாமல் ‘10ஆம் கட்டில் ஈரல்’ என்று அழைப்பதையும், நித்திரையிலிருந்த நோயாளியை எழுப்பி நித்திரைக் குளிசை கொடுப்பதையும் 1960 அளவில் பதிவு செய்தார். அவர்கள் கெட்டவர்கள் என்று அவர் சொல்லவில்லை. சாவையும் வேதனையையும் தினமும் பார்க்கிறவர்களைத் தாங்கிப்பிடிக்காத அமைப்பு, பாராமல் இருக்கப் பழக்குகிறது என்றார். வரலாற்றாசிரியர் சூசன் ரெவர்பி 1987 இல் இதையே வேறு விதமாகச் சொன்னார்: பராமரிப்பை மதிக்காத சமூகம்தான் பராமரிக்கும்படி தாதியருக்குக் கட்டளையிடுகிறது. எங்களுக்கு இது தெரியாததா? வீட்டில் அம்மா இரவிரவாக முழித்துப் பார்த்தால் அது ‘பாசம்’, சம்பளம் இல்லை. வாட்டில் ஒருத்தி அதையே செய்தால் அது ‘சேவை’. 2024 தொடக்கத்தில், வைத்தியர்களுக்குக் கூட்டின 35,000 ரூபா கொடுப்பனவைத் தங்களுக்கும் கேட்டுச் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ‘சேவைக்கு வந்தவை காசு கேக்கலாமோ’ என்றவர்களில் எங்கட ஆட்களும் இருந்தார்கள். தேவதைக்குப் பசிக்காது என்ற நினைப்பு!

ஆனால் ஆள் பற்றாக்குறை எல்லாவற்றுக்கும் பதில் இல்லை. ‘பெறேக்க சுகமா இருந்ததோ, இப்ப ஏன் கத்துறாய்?’ என்று ஒரு தாயிடம் கேட்க ஆட்பலம் தேவையில்லை, கேட்காமல் விடவும் தேவையில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு அவள் வலியைச் சொல்ல மாட்டாள், கூப்பிட மாட்டாள். இதை ‘வேலைக் களைப்பு’ என்று மன்னிப்பவர்கள், மருந்தின் அளவு பிழைத்தால் மன்னிப்பார்களா? பராமரிப்பு தொழில் என்றால், அவமதிப்பும் தொழிற்பிழைதான். அதே கோட்பாடுதான் சம்பளத்தையும் நியாயப்படுத்துது, பொறுப்பையும் கேட்குது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள ஏலாது.

அதனால் ‘நோயாளியிடம் அன்பாகப் பேசுவது எப்படி’ என்று அரைநாள் செயலமர்வு வைத்து, தேநீர் கொடுத்து, படம் எடுத்து முடிக்கிற பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம். வாட்சனையும் சுவான்சனையும் பிரசங்கமாக்க வேண்டாம், வேலைப் பட்டியலாக்குங்கள். ஒவ்வொரு வாட்டின் வாசலிலும் இந்த முறைக்கு எத்தனை கட்டில், எத்தனை தாதி என்று எழுதி ஒட்டுங்கள். நோயாளி வலி சொன்ன நேரம், கேட்டவர், செய்தது மூன்றும் கட்டில் டிக்கற்றில் ஏறட்டும். தாயின் பாஷை பேசுகிற ஒருவர் இரவிலும் இருக்கட்டும். மரணத்தைக் கண்ட தாதிக்கும் பேச ஒரு ஆள் இருக்கட்டும்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்பவர்களுக்கு: இந்தக் கோட்பாடுகள் தத்துவத்திலும் உளவியலிலும் மானிடவியலிலும் இருந்து எடுத்துக் கட்டப்பட்டவை. அவற்றைத் தமிழில் எழுதி, வாட்டில் படுத்திருக்கிற எங்கட அக்காமாரின் கையில் கொடுப்பது எங்களால் முடிந்த வேலை. அடுத்த தரம் வைத்தியசாலை வாசலில் சனம் கூடும்போது, ‘மனிதாபிமானம் எங்கே?’ என்ற பதாகையோடு ‘நேற்றிரவு இந்த வாட்டில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள்? அவளின் நாடியைக் கடைசியாகப் பார்த்தது எத்தனை மணிக்கு?’ என்ற பதாகையையும் நாங்கள் தூக்குவோம்.