ஆபீஸ் மெயில் யாருடையது?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவுடன் நாம் முதலில் செய்வது இமெயில் முகவரி ஒன்றைத் திறப்பதுதான். பெயர், பிறந்த தேதி, மொபைல் எண், பாஸ்வேர்ட் ஆகியவற்றைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். செலவும் இல்லை. இவ்வளவு எளிதாகக் கிடைப்பதால்தான் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். வேலை பார்க்கும் இடத்தில் நாம் பயன்படுத்தும் மெயில் யாருடையது? நம்முடையதா, நிறுவனத்துடையதா?

பெரிய நிறுவனங்களில் வேலைக்குச் சேரும்போதே இதைப் பற்றி எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சிக்கல் எல்லாம் சிறிய ஊர்களில்தான். ஆத்தூரை எடுத்துக்கொள்வோம். சேலம் பக்கத்து ஆத்தூர் அல்ல. காமராஜர் அணை இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர். இந்த வட்டாரத்தில் சின்னாளபட்டி சேலை வியாபாரமாக இருந்தாலும், உரக்கடை, தனியார் பள்ளியாக இருந்தாலும், இன்று பில்லும் ஆர்டரும் மெயிலில்தான் வருகின்றன. ஜி.எஸ்.டி. கணக்குக்கும் ஒரு மெயில் முகவரி வேண்டும்.

அந்த முகவரி எப்படிப் பிறக்கிறது? கம்ப்யூட்டர் தெரிந்த பையனைக் கூப்பிட்டு, "தம்பி, நம்ம கடைக்கு ஒரு மெயில் ஐடி போட்டுடுப்பா" என்பார் முதலாளி. பையனும் தன் பெயரில், தன் மொபைல் எண்ணைக் கொடுத்து உடனே திறந்துவிடுவான். இரண்டு வருடம் கழித்து அதிக சம்பளம் கிடைத்து அவன் திருப்பூருக்குப் போகிறான். கடைக்கு வரும் ஆர்டரும், பேங்க் ஸ்டேட்மென்ட்டும், பாஸ்வேர்ட் மாற்ற வரும் ஓ.டி.பி.யும் அவனோடு போய்விடுகின்றன. பையன் நல்லவனாக இருந்தால் போனில் கேட்டு வாங்கலாம். மனக்கசப்போடு போயிருந்தால்?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஆபீஸ் கொடுத்த மெயில் முகவரியையே ஊழியர் தன் பான் கார்டு, பேங்க் கணக்கு, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் என்று எல்லா இடத்திலும் கொடுத்துவிடுகிறார். வேலையை விட்ட அன்றே அந்த முகவரி மூடப்படும். பிறகு தன் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றக்கூட பழைய ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். முதல் வகையில் முதலாளிக்கு நஷ்டம், இரண்டாவது வகையில் தொழிலாளிக்கு.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். வேலைக்கு ஒரு முகவரி, ஆளுக்கு ஒரு முகவரி. இது நானாகக் கண்டுபிடித்தது அல்ல. மத்திய அரசு தன் ஊழியர்களுக்காக 2015 பிப்ரவரியில் அரசிதழில் வெளியிட்ட இமெயில் கொள்கையிலேயே இந்த வழி இருக்கிறது. அதன்படி பதவியின் பெயரில் ஒரு முகவரியும், அதிகாரியின் பெயரில் ஒரு முகவரியும் தரலாம். அலுவல் கடிதங்கள் பதவியின் முகவரியில் நடக்கும். அதிகாரி மாறுதலாகிப் போனால் அந்த முகவரியை ஒப்படைத்துவிட வேண்டும். அடுத்து வருபவர் அதே முகவரியில் வேலையைத் தொடர்வார். நாற்காலி அங்கேயே இருக்கும், ஆள்தான் மாறுவார். அலுவல் மெயில்களை வெளியார் சேவையில் உள்ள சொந்தக் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்யக்கூடாது என்றும் அந்தக் கொள்கை சொல்கிறது.

சொந்த டொமைன் பெயர் வைத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் மெயில் சேவைக்கு, 2025 வாக்கில் சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மெயில் கணக்குகள் மாற்றப்பட்டன. சேவை தருபவர்தான் மாறினார். அரசின் டொமைனில் முடியும் முகவரிகள் அப்படியே இருந்தன. கடைக்கும் இப்படி ஒரு டொமைன் இருந்தால், நாளை எந்தச் சேவைக்கு மாறினாலும் வாடிக்கையாளருக்கு முகவரி மாறாது. அந்தச் செலவு வேண்டாம் என்றால், கடையின் பெயரில் ஒரு இலவச முகவரியாவது திறந்து, முதலாளியின் மொபைல் எண்ணை அதில் கொடுங்கள். அதுவே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

"நான் நேர்மையாக வேலை செய்கிறேன். ஆபீஸ் மெயிலில் வீட்டு விஷயம் எழுதினால் யாருக்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் என்ரான் கம்பெனியை நினைவிருக்கிறதா? மகாராஷ்டிராவில் தபோல் மின் நிலையம் அமைத்த அதே கம்பெனிதான். 2001 டிசம்பரில் அது திவாலானது. விசாரணைக்காக எடுக்கப்பட்ட அதன் மெயில்களை அமெரிக்க அரசின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு 2003இல் பொதுமக்கள் பார்வைக்கே வைத்துவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பயன்படுத்தும் தொகுப்பில் சுமார் 150 பேரின் ஏறக்குறைய 5 லட்சம் மெயில்கள் இருக்கின்றன. குற்றம் செய்தவர்களின் கடிதங்கள் மட்டுமா? எந்தத் தவறும் செய்யாதவர்கள் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் எழுதியவையும் அதில் அடக்கம். ஆபீஸ் மெயிலில் எழுதுவது ஆபீஸ் லெட்டர்பேடில் எழுதுவதற்குச் சமம். நாளை யார் கையில் போகும் என்று நமக்குத் தெரியாது.

பாஸ்வேர்ட் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, சாவியை மானிட்டரில் ஒட்டி வைக்கலாமா? பல இடங்களில் இதுதான் நடக்கிறது. நான்கு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட் தெரிந்தால், தவறான மெயில் ஒன்று போகும்போது யார் அனுப்பியது என்று காட்ட வழி இருக்காது. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும், 1 லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பாஸ்வேர்டை ரகசியமாக வைத்திருந்தால், தேவையற்ற சந்தேகத்திலிருந்து உங்களையே காப்பாற்றிக்கொள்கிறீர்கள்.

இன்டர்நெட் பார்ப்பது பற்றி என் கருத்து இது. மதிய சாப்பாட்டு நேரத்தில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது குற்றமல்ல. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திருட்டுப் படமோ, திருட்டு சாப்ட்வேரோ டவுன்லோட் செய்தால், அதோடு வைரஸும் வரலாம். போலீஸ் விசாரணை என்று வந்தால் முதலில் கதவைத் தட்டுவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில்தான். முதலாளிக்கும் ஒரு எல்லை உண்டு. ஆபீஸ் மெயிலைப் பார்ப்பதாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊழியரின் சொந்த மெயில் பாஸ்வேர்டை எந்தக் காரணத்துக்காகவும் கேட்கக்கூடாது.

"நாலு பேர் இருக்கிற கடைக்குச் சட்டதிட்டம் எதற்கு?" என்று சிலர் சிரிக்கலாம். நாலு பேர் இருக்கும் இடத்தில்தான் ஒருவர் போனாலும் வேலை நின்றுவிடுகிறது. எனவே ஒரே தாளில் இவற்றை எழுதி ஒட்டுங்கள்:

1. கடை வேலை கடை முகவரியில், சொந்த வேலை சொந்த முகவரியில் மட்டுமே.

2. கடை முகவரியின் மீட்பு மொபைல் எண் முதலாளியுடையதாக இருக்க வேண்டும்.

3. ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

4. மெயிலின் சப்ஜெக்ட் வரியில் விஷயம் தெரிய வேண்டும். வெறும் "ஹலோ" என்று எழுதாமல், "மார்ச் மாத பில், 40 சேலை" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம்.

5. பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே மெயில் அனுப்பும்போது முகவரிகளை பி.சி.சி. கட்டத்தில் கொடுக்க வேண்டும். இல்லையேல் ஒருவர் முகவரி எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

6. தெரியாத இடத்திலிருந்து வரும் அட்டாச்மென்ட்டைத் திறக்கக்கூடாது. தெரிந்தவர் பெயரில் வந்தாலும், எதிர்பாராததாக இருந்தால் போன் செய்து கேட்ட பிறகே திறக்க வேண்டும். 2000 மே மாதத்தில் உலகையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ், தெரிந்தவர்களின் முகவரிகளிலிருந்துதான் வந்தது.

இதற்கெல்லாம் பெரிய சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தால் போதும். உங்கள் பேங்க், பான், கேஸ் இணைப்பு எந்தெந்த மெயில் முகவரியில் இருக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். அதில் ஆபீஸ் முகவரி ஒன்று இருந்தாலும், இன்றே மாற்றிவிடுங்கள். வேலை மாறலாம், உங்கள் முகவரி உங்களிடமே இருக்கட்டும்.