ஒத்திகைக்கு ஒரு கூடம் வேண்டும்: மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

நம் மாநகராட்சியின் சமுதாயக் கூடங்களும் மாநகராட்சிப் பள்ளிகளின் விழாக் கூடங்களும் வார நாள்களில் மாலையானால் பூட்டிக் கிடக்கின்றன. அந்த நேரத்தில் அவற்றுள் சிலவற்றை, பணி ஓய்வுக்குப் பிறகு நாடகமும் பாட்டும் பழகிவரும் முன்னாள் மாணவர் குழுக்களுக்கு மணிக்கணக்கு வாடகையில் திறந்துவிடும்படி கேட்டுக்கொள்ளவே இந்த மடல். உங்கள் மேசைக்கு நாளொன்றுக்கு எத்தனை கோப்புகள் வரும் என்பது அரசு வேலையிலேயே தலை நரைத்தவர்களுக்குத் தெரியும். அதனால் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிட்டோம்.

நாங்கள் 1977 செட். பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய கடைசிப் பிள்ளைகளில் சேர்ந்தவர்கள். எங்களுக்குப் பின்னால் சீக்கிரமே பிளஸ் டூ வந்துவிட்டது. மின்வாரியத்தில் இருந்தவர், பேருந்து நடத்துநர், வங்கிக் காசாளர், செவிலியர், பள்ளி ஆசிரியைகள் என்று ஆளுக்கொரு பக்கம் போய்த் திரும்பியிருக்கிறோம். பிள்ளைகள் வெளியூரில். சிலருக்குத் துணையும் இல்லை. மணிவிழாக்களிலும் துக்க வீடுகளிலும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், யாரோ பரணில் கிடந்த ஆர்மோனியத்தை இறக்கித் துடைத்த பிறகு வாராவாரம் கூட ஆரம்பித்தோம். பாட்டு முதலில் வந்தது. நாடகம் அதைத் தொடர்ந்து வந்தது.

எங்கள் தோழியரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் பெண் வேடத்தையும் பையன்களே கட்டினார்கள். நன்றாகப் பாடக்கூடிய பெண்களுக்குக் கடவுள் வாழ்த்தோடு மேடை முடிந்துவிடும். அதற்குப் பிறகு கல்யாணம், வேலை, மாமியார் வீடு, பேரப்பிள்ளைகள். குரலை எடுத்துப் பாடி நாற்பது வருடத்துக்கு மேலானவர்கள் இப்போது வசனம் மனப்பாடம் செய்கிறார்கள், ஆர்மோனியக்காரரோடு சுருதிக்குச் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் நியாயம் இருக்கிறது. இளவயதில் ஐந்து கட்டையில் பாடியவருக்கு இன்று நாலுக்கு மேல் ஏறுவதில்லை. ஆண்கள் ஒன்றிலும் ஒன்றரையிலும் நிற்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டுக்கு எந்தக் கட்டை என்று முடிவுசெய்யவே ஒரு மாலைப்பொழுது போய்விடும். அது வீணான மாலை இல்லை, ஐயா. ஒருவர் தொண்டைக்காக இன்னொருவர் இறங்கிவருவது அங்கேதான் நடக்கிறது.

ஒத்திகை என்பது என்ன வேலை என்பதற்கு இன்னொன்றையும் காட்டுகிறோம். எங்களில் ஒருவருக்கு வலக்காது மந்தம். அவரோடு பேசும் பாத்திரம் எப்போதும் அவருக்கு இடப்பக்கம் வரும்படி நாடகம் முழுவதும் நிற்கும் இடங்களை மாற்றி அமைத்தோம். படுதாவுக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுத்தால் அவருக்கு எட்டாது. அதனால் எதிரில் நடிப்பவர் தோள் துண்டை உதறிப் போட்டால் அடுத்த வசனம் அவருடையது என்று அடையாளம் வைத்துக்கொண்டோம். இதெல்லாம் உடம்பில் பதிய வேண்டுமானால் ஒரே அளவுள்ள தரையில், ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப நடந்து பார்க்க வேண்டும். இந்த வாரம் ஒரு வீட்டு வரவேற்பறை, அடுத்த வாரம் இன்னொரு வீட்டு மொட்டைமாடி என்று அலைந்தால் பதியாது.

எங்கள் குறை அங்கேதான் தொடங்குகிறது. சித்திரையில் மாடித் தரை இரவு எட்டு மணிக்கும் கொதிக்கும், ஐப்பசியில் மழை. முழங்கால் அறுவை செய்துகொண்டவர்களால் மாடிப்படி ஏற முடியாது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் ஆர்மோனியத்தை மூடிவைக்க வேண்டியதுதான். அந்தப் பிள்ளையின் பக்கம்தான் நியாயம். கல்யாண மண்டபங்களின் வாடகை ஓய்வூதியக்காரர்களுக்கு எட்டாது. மாநகராட்சிச் சமுதாயக் கூடத்துக்குப் போனால் முழு நாள் வாடகை, அதன்மேல் முன்பணம், துப்புரவுக் கட்டணம். கல்யாணம், காதணி விழா, வளைகாப்பு, பொதுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் கட்டண அட்டவணையில் இடம் இருக்கிறது. மூன்று மணி நேர ஒத்திகைக்கு இல்லை. முகூர்த்த நாள்களில் நிரம்பி வழியும் அதே கூடம் செவ்வாய்க்கிழமை மாலையில் இருட்டாக நிற்பதை அந்தத் தெருவில் போகும் யாரும் பார்க்கலாம்.

நாங்கள் படித்த பள்ளியிலும் கேட்டோம். மேடையோடு கூடிய அந்தக் கூடம் ஐந்து மணிக்கு மேல் பூட்டப்படுகிறது. தலைமை ஆசிரியை மனமாரச் சம்மதித்தார். மேலிடத்து உத்தரவு மட்டும் வேண்டும் என்றார். விண்ணப்பம் கல்விப் பிரிவிலிருந்து வருவாய்ப் பிரிவுக்குப் போனது, அங்கிருந்து திரும்பிவந்தது, மறுபடியும் போனது. கடைசியில், விதிகளில் இடமில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கையொப்பமிட்ட அலுவலர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அட்டவணையில் இல்லாத இனத்துக்கு அவர் எப்படி ரசீது போடுவார்? புதிய இனத்தைச் சேர்த்து மாமன்றத்தின் முன் வைக்க உங்களால் முடியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறோம்.

நாடகக்காரர்கள் எல்லோருக்குமே ஒத்திகை தேவைப்படுவதில்லை என்பது உண்மை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் தனித்தனியாக ஒப்பந்தமாகி, அன்று இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் அவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தை அந்தந்த இரவில் அங்கேயே வளர்த்துக்கொண்டு போவார்கள். அது வாழ்நாள் முழுவதும் தொழிலாகச் செய்து பெற்ற தேர்ச்சி. எங்களைப் போல் வேலையெல்லாம் முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒத்திகையைத் தவிர வேறு வழியில்லை.

நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் தமிழ் நாடகத்துக்குச் செய்த பங்கும் சின்னதில்லை. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயது. கூட இருந்தவர்கள் நண்பர்கள். பிற்பாடு அவர் வழக்கறிஞராகி, நீதிபதியாகவும் இருந்தார், நாடகத்தை விடவில்லை. படித்து, வேலை பார்த்து, மாலையில் வேடம் கட்டிய அந்தக் கூட்டம் நெடுங்காலம் நடித்த இடம் சென்னையின் விக்டோரியா பப்ளிக் ஹால். அந்தக் கட்டடம் 1880களில் நகராட்சி குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்தது என்பதை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். பின்னாளில் கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் மேடை நாடகங்கள் எழுதினார். வேலை நேரத்துக்கு வெளியே கிடைத்த மாலைகளும், அந்த மாலைகளில் திறந்திருந்த கூடங்களும் நம் நாடகத்துக்கு எவ்வளவோ கொடுத்திருக்கின்றன. எங்களால் அந்த அளவுக்கு எதுவும் ஆகிவிடும் என்று சொல்லவில்லை. கதவைத் திறந்துவைப்பது உள்ளாட்சிக்குப் புதிய வேலையில்லை என்று மட்டும் சொல்கிறோம்.

முதியோர் நலன் என்றால் மருத்துவ முகாமும் கண் பரிசோதனையும் என்று நின்றுவிடுகிறது. அவையும் வேண்டும்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2021க்கான மதிப்பீட்டில் அது 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். இவ்வளவு பேருக்குப் பூங்காவில் நடைபாதை போட்டால் போதும் என்று எப்படி இருக்க முடியும்? இங்கிலாந்தில் ஐம்பது வயதைக் கடந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. சில மாதங்களுக்கு ஒரு முறையாவது நாடகம், கச்சேரி, அருங்காட்சியகம் என்று போய்வந்தவர்களுக்கு, போகாதவர்களைவிட அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு 31 சதவீதம் குறைவாக இருந்தது. கலைதான் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிடவில்லை. நாங்களும் மருந்துச் சீட்டைக் காட்டி இடம் கேட்கவில்லை. காது மந்தமாவதும் தனிமைப்படுவதும் மறதிநோய்க்கு வழிவிடும் காரணங்களில் சேர்ந்தவை என்று மருத்துவர்களே சொல்லும்போது, எட்டுப் பக்க வசனத்தை மனப்பாடம் செய்து இருபது பேர் நடுவில் நின்று பேசுகிறவரை ஊர் வரவேற்க வேண்டாமா?

சட்டத்தில் தடை இருக்கிறதா என்று உங்கள் அலுவலகம் கேட்கக்கூடும். கூடத்துக்கான விண்ணப்பப் படிவத்தில், நாடகம் என்றால் காவல்துறை பார்த்த பிரதியை இணைக்க வேண்டும் என்று இன்னமும் அச்சாகியிருக்கிறது. பிரதியை முன்கூட்டிக் கொடுத்து அனுமதி வாங்கச் சொன்ன 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் பிரிவுகளை, பரீக்ஷா குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று அறிவித்துவிட்டது. அந்த வரியைப் படிவத்திலிருந்து நீக்கிவிட வேண்டுகிறோம். பதிப்புரிமைச் சட்டமும் எங்களுக்கு எதிராக இல்லை. கட்டணம் வாங்காமல் பார்வையாளர்களுக்கு அமெச்சூர் குழு நடத்தும் நிகழ்ச்சிக்கு அதில் விலக்கு இருக்கிறது. நாங்கள் இப்போது எடுத்திருப்பது சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’. 1941இல் படமாகவும் வந்து ஊரைச் சிரிக்கவைத்த நாடகம். அவர் மறைந்தது 1964இல். அறுபது ஆண்டுப் பதிப்புரிமைக் காலம் 2024ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் நடிக்கலாம்.

பள்ளி வளாகத்துக்குள் வெளியாட்களை விடலாமா என்ற தயக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். எங்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு மட்டும் கொடுங்கள். மாணவர்கள் வெளியேறிய பிறகு, ஆறு மணி முதல் ஒன்பது வரை என்று வரையறுங்கள். பெயர்ப்பட்டியலைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, காவலாளியின் பதிவேட்டில் கையெழுத்திட்டு உள்ளே போகிறோம். பொதுத்தேர்வு மாதங்களில் கூடத்தைக் கேட்க மாட்டோம். கட்சிக் கூட்டம், மதக் கூட்டம் எதற்கும் இந்தச் சலுகை பொருந்தாது என்று உத்தரவிலேயே எழுதுங்கள். மின்கட்டணத்தை மீட்டர்படி கட்டிவிடுகிறோம்.

பள்ளிகளுக்குக் கைகொடுக்கும்படி அரசு முன்னாள் மாணவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இடம் கொடுத்திருக்கிறது. எங்கள் செட்டிலிருந்து குடிநீர்த் தொட்டியும் மின்விசிறிகளும் போயிருக்கின்றன, இனியும் போகும். ஆனால் எங்கள் பணம் போகும் வாசல் வழியே நாங்களும் உள்ளே போக விரும்புகிறோம். கூடத்துக்குச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும், தரைத்தளத்தில் கைப்பிடியோடு ஒரு கழிப்பறையும் தேவைப்படுகின்றன. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கை நாங்கள் கட்டத் தயார். மதிப்பீடு தயாரிக்க உங்கள் பொறியாளரை அனுப்பினால் போதும். அந்தச் சாய்தளம் அங்கே படிக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் பயன்படும். தேர்தல் நாளில் அந்தக் கூடத்தில் வாக்களிக்க வரும் ஊருக்கும் பயன்படும்.

கூடம் கிடைத்தால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கட்டணமில்லாமல் நாடகமோ பாட்டோ நடத்துவோம். விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு ஆர்மோனியமும் உச்சரிப்பும் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள். இதை வாடகைக்கு ஈடாகச் சொல்லவில்லை. வாடகையை நீங்கள் நியாயமாக வைத்தால் கட்டுவோம்.

நாங்கள் மட்டுமல்ல. இந்த ஊரில் இன்னும் பல செட்டுகள் யார் வீட்டு மாடியிலாவது பாடிக்கொண்டிருக்கின்றன. அதனால் ஒரு பள்ளிக்கு மட்டும் சிறப்பு அனுமதி கொடுத்து எங்களைச் சமாதானப்படுத்த வேண்டாம். மண்டலத்துக்கு ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுங்கள். முகூர்த்தமில்லாத வார நாள்களில் மணிக்கணக்கு வாடகை என்று கட்டண அட்டவணையில் ஓர் இனத்தைச் சேருங்கள். ஒரே விண்ணப்பம், ஒரே அலுவலர், பதினைந்து நாளுக்குள் பதில் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். மாமன்றத்தின் ஒப்புதல் வேண்டியதை அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்த்துவிடுங்கள். எந்த வார்டு உறுப்பினரும் எதிர்க்க மாட்டார் என்று நம்புகிறோம், அவர்களையும் நேரில் பார்த்துப் பேசிவருகிறோம்.

எங்கள் விண்ணப்பமும் அதற்கு வந்த பதிலும் உங்கள் வருவாய்ப் பிரிவில் இருக்கின்றன. அந்தக் கோப்பை ஒருமுறை வரவழைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நேரில் விளக்க அழைத்தால், எந்த நாளிலும் எந்த நேரத்திலும் வருகிறோம்.


1977 செட் முன்னாள் மாணவர்கள் சார்பில்