அண்ணாச்சி, இது நவச்சாரம்லா!

வண்ணார்பேட்டை நண்பன் கல் சேர்க்கிறவன். வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் கல் வரும். போன மாசம் வந்தது வெள்ளைப் படிகம். 1944-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புகைவாயில் படிந்ததாம். விலை இரண்டாயிரம்!

எதிர்வீட்டுக்கு ஈயம் பூச வந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது நவச்சாரம்லா!"

நண்பன் முகம் செத்துவிட்டது.

பெரியவர் சொன்னதில் தப்பில்லை. அசல் வெசூவியஸ் சரக்கும் அதேதான், அம்மோனியம் குளோரைடு. ஆவி திரவமாகாமல் நேரே படிகமாகும். ஒரு மழை பெய்தால் போச்சு, அதனால்தான் அரிது. எக்ஸ்ரே சோதனை பொருளைச் சொல்லும். எரிமலையா, நாட்டுமருந்துக் கடையா என்று சொல்லாது. அதற்கு எடுத்த இடம், தேதி எழுதிய சீட்டு வேண்டும்.

மறுநாள் ஓடினேன். "சீட்டு எங்கடா?"

"இருக்கு. கல்லுதான்... அழுக்கா இருந்துச்சேன்னு ராத்திரி ஊறப்போட்டேன்."

டம்ளரில் தண்ணீர் தெளிவாக இருந்தது.