மனசு விட்டுப் பேசணுமாம்... யாருகிட்ட, எந்த மொழியில?

அக்டோபர் 10 வந்தா போதும், ஆபீஸ் மெயில் நிரம்பி வழியும். உலக மனநல நாளாம். பச்சை ரிப்பன் படம், ஒரு மணி நேர வெபினார், கடைசியில "மனசு விட்டுப் பேசுங்க, எல்லாம் சரியாயிடும்"னு ஒரு வரி. இதைப் படிச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. பேசினாலே சரியாயிடும்னா டீக்கடை பெஞ்சுல உட்கார்ற ஒருத்தருக்கும் டிப்ரெஷன் வரக்கூடாதே?

தெரபிங்கிறது சும்மா பேச்சு இல்லைங்க. அதுக்கு முறை இருக்கு, வீட்டுப்பாடம் கூட இருக்கு.

1960கள்ல அமெரிக்காவில ஆரோன் பெக் உருவாக்கின சிபிடியை எடுத்துக்குங்க. "நாளைக்குக் காலையில பேசணும்"னு மேனேஜர் ஒரு வரி அனுப்புறார். "போச்சு, வேலை காலி"ன்னு மனசு தீர்ப்பே எழுதிடுது. நெஞ்சு படபடங்குது, தூக்கம் போச்சு, மறுநாள் லீவு. அந்த எண்ணத்தைப் பிடிச்சு நோட்டுல எழுத வச்சு, அதுக்கு என்ன ஆதாரம், எதிரா என்ன இருக்குன்னு கேட்டு, நிஜத்துல சோதிச்சுப் பார்க்க வைக்கிறதுதான் சிபிடி. "தைரியமா இருப்பா"ன்னு சொல்லிட்டுப் போறது இல்லை.

இன்னொண்ணு, ஓசிடி. "கேஸை மூடினோமா?"ன்னு ஒருத்தர் பத்து தடவை கேட்கிறார். "மூடியாச்சு, நானே பார்த்தேன்"னு வீட்டுல பத்து தடவையும் சொல்றாங்க. பாசம்தான். ஆனா அந்த ஆறுதலே வியாதிக்குத் தீனி. திரும்பப் போய்ப் பார்க்காம, அந்தப் பதட்டத்தைத் தாங்கிக்கப் படிப்படியா பழக்குறதுதான் சிகிச்சை. நல்ல மனசு மட்டும் இருந்தா இது தெரிஞ்சிடாது, பயிற்சி வேணும்.

இப்ப மொழிக்கு வருவோம். அந்தப் "போச்சு"ங்கிற எண்ணம் எனக்கு வர்றது தமிழ்ல. புனேல எங்க கம்பெனி தர்ற கவுன்சலிங் நம்பர்ல இங்லீஷும் ஹிந்தியும்தான். தமிழ்ல யாராவது இருக்காங்களான்னு கேட்டா, "இங்லீஷ் உங்களுக்கு நல்லா வருதே சார்?"னு பதில். கோடு பத்திப் பேச நல்லாவே வரும் சாமி. அப்பா செத்த ராத்திரியைப் பத்திப் பேச? "மனசு ஒரு மாதிரியா இருக்கு"ங்கிறதை எப்படி மொழிபெயர்க்கிறது? நானாவது மாசச் சம்பளக்காரன். எதிர்ல கட்டிட வேலைக்கு ஒடிசாலேர்ந்து வந்திருக்கிறவருக்கு இந்த நம்பரும் கிடையாது.

"அத்தனை மொழிக்கும் ஆளுக்கு எங்க போறது?"ன்னு கேட்பாங்க. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்புப்படி, டிப்ரெஷன், பதட்டம் மாதிரி சாதாரணமா வர்ற மனப் பிரச்சினை உள்ளவங்கள்ல சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கலை. ஆள் பஞ்சம் நிஜம்தான். ஆனா பதிலும் நம்ம நாட்டுலயே இருக்கே!

கோவால 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல விக்ரம் படேல் குழு ஒரு ஆய்வு பண்ணினாங்க. கடுமையான டிப்ரெஷன் உள்ள 495 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்போட சேர்த்து, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரங்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறிலிருந்து எட்டு தடவை உட்கார்ந்து பேச வச்சாங்க. முடங்கிக் கிடக்கிறவரைச் சின்னச் சின்ன வேலைகள் வழியா வாழ்க்கைக்குள்ள திரும்பக் கொண்டு வர்ற முறை அது. மூணு மாசத்துல 64 சதவீதம் பேர் டிப்ரெஷன்லேர்ந்து மீண்டாங்க. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்கள்ல 39 சதவீதம். லான்செட்டுல வந்த ஆய்வுங்க இது, வாட்ஸ்அப் ஃபார்வர்டு இல்லை.

"படிக்காதவங்க கையில மனசைக் கொடுக்கலாமா?"ன்னு பதறாதீங்க. அங்க அவங்க பேசினதைப் பதிவு பண்ணி, கேட்டு, திருத்தினாங்க. நம்ம ஊர்ல போர்டு மாட்டிக்கிட்டு அறிவுரை விற்கிற எத்தனை பேரை யார் திருத்துறாங்க?

அடுத்தது காசு. மனநோய்க்கும் உடல்நோய் மாதிரியே இன்சூரன்ஸ் தரணும்னு 2017 சட்டம் சொல்லுது. ஆனா பெரும்பாலான பாலிசியில ஆஸ்பத்திரியில படுத்தாதான் பணம். தெரபிக்கு யாருங்க படுக்கிறாங்க? வாரம் ஒரு மணி நேரம் உட்கார்றாங்க, அவ்வளவுதான்.

2022 அக்டோபர்ல அரசு ஆரம்பிச்ச டெலி-மானஸ், 14416, நல்ல முதல் வாசல். தமிழ்லயும் பேசலாம். ஆனா ஒரு போன் கால், எட்டு வாரச் சிகிச்சை ஆயிடாது. பி.பி. பார்க்கிற அதே சுகாதார நிலையத்துல, பயிற்சி வாங்கின ஒருத்தர் நம்ம மொழியில உட்காரணும். கம்பெனிக்காரங்க வெபினாருக்குக் கொட்டுற காசை அவங்கவங்க மொழியில தெரபிக்குக் கொடுக்கணும். அதுவரைக்கும் "மனசு விட்டுப் பேசுங்க"ன்னு யாராவது சொன்னா, "யாருகிட்ட?"ன்னு திருப்பிக் கேளுங்க மக்களே.

டிஸ்கி: மருந்து வேண்டாம்னு நான் சொல்லலை. டாக்டர் கொடுத்ததை நீங்களா நிறுத்தாதீங்க.