குழாய் செல்லத் தாமதமாகும்போது

திருவரங்குளத்திலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் இதய அறுவைச் சிகிச்சைக்காகத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ செல்லும் குடும்பத்தார், அறுவை அரங்கின் வாசலில் கேட்டு மிகவும் கலங்கும் சொற்கள், "குழாய் இன்னும் உள்ளே செல்லவில்லை" என்பவையே. உடனே மருத்துவரின் கைத்திறன்மீது ஐயம் எழுகிறது. அந்த ஐயம் பெரும்பாலும் பொருந்தாது என்பது எங்கள் கருத்து.

மயக்கம் கொடுத்தபின், சிலருக்குக் கழுத்துச் சிரை வழியாக ஒரு மெல்லிய கதீட்டர் செலுத்தப்படுகிறது. இதயத்தின் வலப்பக்க அறைகள் இரண்டையும் கடந்து, அது நுரையீரல் தமனியை அடைய வேண்டும். 1970-இல் ஸ்வான், கான்ஸ் என்னும் மருத்துவர்கள் அறிமுகப்படுத்திய இக்குழாயின் நுனியில் ஒரு சிறு பலூன் உண்டு. மருத்துவரின் கை குழாயை நகர்த்தினாலும், நுனிக்கு வழிகாட்டுவது இரத்த ஓட்டமே. ஓட்டம் நன்றாக இருந்தால் சில நிமிடங்களில் பணி முடியும். மெலிந்திருந்தால், நீர் வற்றிய வாய்க்காலில் விட்ட காகிதக் கப்பலின் நிலைதான்.

ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு நாளடைவில் நுரையீரல் தமனியின் அழுத்தம் ஏறி, வலது கீழறை விரிகிறது. மூவிதழ் வால்வு சரிவர மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. அக்கசிவு பலூனைத் திருப்பித் தள்ளும்; விரிந்த அறைக்குள் குழாய் சுருண்டுகொள்ளவும் கூடும். இக்குழாய் தரும் அளவுகள் யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்கே அதைச் செலுத்துவது கடினம் என்பது ஒரு முரண்தான்.

மயக்க மருந்தும் இதயத் துடிப்பின் விசையைத் தாழ்த்தக்கூடும். செயற்கைச் சுவாசம் நெஞ்சினுள் அழுத்தத்தை ஏற்றி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைக்கும். பட்டினியாலும் சிறுநீர் மாத்திரையாலும் உடல்நீர் குறைந்தவரின் சிரைகள் தட்டையாகிவிடுவதால், ஊசி நுழைவதே பாடாகும். தலைப்பக்கத்தைத் தாழ்த்துவதும், அல்ட்ராசவுண்டின் துணையோடு சிரையைத் தேடுவதும் இதனால்தான்.

நுனி இதயச் சுவரில் உரசினால் துடிப்பு தடுமாறும். ஈ.சி.ஜி.யில் இடப்பக்க மின்பாதை ஏற்கெனவே தடைப்பட்டவருக்கு, மின்கடத்தலே முழுதும் நின்றுவிடும் அபாயம் உண்டு. அந்நிலையில் முயற்சியைக் கைவிட்டுக் குழாயை வெளியே எடுப்பவரைத் தோற்றவர் என்று நாங்கள் கருதமாட்டோம்.

ஆனால், மருத்துவமனைகளின் பங்கையும் சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்குமுன், தாமதமாகலாம், கைவிடவும் நேரலாம் என்று குடும்பத்தாரிடம் சொல்லிவிடுவது முறை. 2003-இலும் 2005-இலும் வெளியான பெரிய ஆய்வுகளில், இக்குழாய் பொருத்தப்பட்டோரிடையே இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. எனவே இன்று எல்லோருக்கும் இது பொருத்தப்படுவதில்லை. "எங்கள் நோயாளிக்கு இது அவசியமா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

குடும்பத்தார் மஞ்சள் பையில் பத்திரப்படுத்திய பழைய எக்கோ, ஈ.சி.ஜி. தாள்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது வழக்கமாக இருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்ததும், கழுத்தில் குழாயிட்டு டயாலிசிஸ் செய்ததும், இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மாத்திரையும் முதல் நாளே மயக்கவியல் மருத்துவருக்குத் தெரிந்தால், எந்தப் பக்கச் சிரையை நாடுவது என்பதை அவர் அன்றிரவே முடிவு செய்துகொள்வார்.